புதுப்பிப்பு: காய்கறியே தொடாத மகள், இரண்டு மாதம் கழித்து

என் மூன்று வயது மகள் பால், பிஸ்கட், வாழைப்பழம் தவிர எதையும் தொடமாட்டாள், சாப்பாட்டு வேளை என்றாலே சண்டை என்று இரண்டு மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன். "பசித்தால் தானாகச் சாப்பிடுவாள், விடுங்கள்" என்றீர்கள் பலரும். பாதி சரி.

அந்தப் பசியே வரவில்லை என்பதுதான் சிக்கல். நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அளவு மீறிய பால் இரும்புச்சத்தையும் குறைக்கும், அரை லிட்டரோடு நிறுத்துங்கள் என்றார் மருத்துவர். முதல் நான்கு நாள் அழுகை. அப்புறம் பசி வந்தது.

குழந்தைகளுக்கு உணவூட்டுவது பற்றி எழுதும் அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் சொல்லும் பொறுப்புப் பங்கீட்டையும் பிடித்துக்கொண்டோம்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பாடு. கேட்க எளிது. அவள் தட்டைத் தள்ளும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எனக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது.

புது உணவைக் குழந்தை ஏற்க 10, 15 முறைகூட ஆகலாம் என்பார்கள். தினமும் ஒரே ஒரு கேரட் துண்டைத் தட்டோரம் வைத்தேன். முதலில் தரையில் வீசினாள். பிறகு மோந்து பார்த்தாள், நக்கினாள், பொம்மைக்கு ஊட்டினாள். பன்னிரண்டாம் நாள் மென்று துப்பினாள். மறுநாள் விழுங்கிவிட்டாள்! நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். முன்பு கைதட்டியபோதெல்லாம் உடனே உஷாராகிவிடுவாள்.

பீன்ஸ் இன்னும் தரையில்தான் கிடக்கிறது.