பிஎஸ்-6 லாரியில் மைலேஜ் இறங்கிவிட்டது: ஆட்ப்ளூவைத் துண்டித்தால் டீசல் மிச்சமாகுமா?

பன்னிரண்டு_வீல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சங்ககிரியில் இரண்டு பன்னிரண்டு சக்கர லாரிகள் வைத்திருக்கிறேன். 2018-இல் எடுத்தது பழைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்-4, 2021-இல் எடுத்தது அதைவிடக் கடுமையான பிஎஸ்-6. இரண்டும் பெங்களூருக்கு சிமென்ட் ஏற்றிப் போய், திரும்பும்போது கிடைக்கிற லோடுடன் வருகின்றன. பிஎஸ்-6 வண்டி போக வரச் சேர்த்து லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்துவந்தது. கடந்த நான்கு மாதங்களாக அது 3.4-க்கு இறங்கிவிட்டது. டிரைவர் மாறவில்லை, வழியும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் டேங்கை முழுதாக நிரப்பியே கணக்கெடுப்பதால் கணக்கிலும் பிழையில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பெல்லாம் 700, 800 கி.மீ. ஓடிய பிறகுதான், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் ரீஜென் (சேர்ந்த கரியைச் சூட்டில் எரித்துச் சுத்தமாக்குவது) கேட்கும். இப்போது 250 கி.மீ.க்குள் விளக்கு எரிகிறது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறார்.

இங்கே ஒரு பட்டறையில், புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூவின் இணைப்பைத் துண்டித்து, அது வேலை செய்வதுபோல் எஞ்சின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர் மாட்டி, ஃபில்டரின் உள்ளே இருப்பதையும் எடுத்துவிட்டால் பழைய மைலேஜ் வந்துவிடும் என்கிறார்கள். மாதம் 6,000 கி.மீ. ஓடும் வண்டி இது. ஆட்ப்ளூ லிட்டர் 55 ரூபாய்க்கும் டீசல் 92 ரூபாய்க்கும் வாங்குகிறேன். செய்யலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பட்டறை_பெரியவர்

வணக்கம் ஓனர். முதலில் உங்கள் காசுக் கணக்கையே பார்த்துவிடுவோம். 4 கி.மீ. கொடுத்தபோது மாதம் 1,500 லிட்டர் டீசல் ஆயிற்று, 3.4 கொடுக்கும்போது ஏறக்குறைய 1,765 லிட்டர் ஆகிறது. கூடுதலாகப் போகும் 265 லிட்டருக்கு 24,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆட்ப்ளூ போகிறது என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 75 லிட்டர், நாலாயிரம் ரூபாய்ச் சொச்சம்தான். நாலாயிரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த எமுலேட்டர் உதவும். இருபத்து நாலாயிரம் வேறெங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.

எமுலேட்டர் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்பது ஏன் தவறு என்றால், சிலிண்டருக்குள் எரிப்பு சூடாகவும் சீக்கிரமாகவும் நடந்தால்தான் டீசலின் சக்தி முழுமையாகக் கிடைக்கும். ஆனால் அதே சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். அதைச் சிலிண்டருக்குள்ளேயே அடக்க வேண்டுமென்றால் டீசலைச் சற்றுத் தாமதமாகப் பாய்ச்ச வேண்டும், அல்லது புகையின் ஒரு பகுதியை இஜிஆர் வழியாகத் திருப்பி உள்ளே விட வேண்டும். இரண்டு வழியிலும் மைலேஜ் அடிவாங்கும், கரியும் கூடும். ஆட்ப்ளூவைத் தெளிக்கும் எஸ்சிஆர் முறை வந்த பிறகு, எஞ்சினை நன்றாக எரிய விட்டுவிட்டு, நைட்ரஜன் ஆக்சைடைப் பின்னால் குழாயிலேயே பிடித்துக்கொள்ள முடிகிறது. ஆட்ப்ளூ என்பது 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய தண்ணீரும்தான். சூட்டில் அது அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் உடைத்துவிடுகிறது. ஆகவே ஆட்ப்ளூதான் மைலேஜுக்கு இடம் கொடுக்கும் பொருள். எமுலேட்டர் பொய் சிக்னல் கொடுக்கிறதே தவிர, இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு பாய்ச்ச வேண்டும் என்ற கணக்கில் கைவைப்பதில்லை. அப்படியிருக்க டீசல் எப்படிக் குறையும்?

குறைவதற்குப் பதிலாக, வெளியே போகும் நைட்ரஜன் ஆக்சைடு பல மடங்கு கூடும். பிஎஸ்-4 கனரக எஞ்சினுக்கு ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 அதை 0.46 கிராமாகக் குறைத்தது. எமுலேட்டர் மாட்டிய வண்டி புகைச் சான்றிதழ் சோதனையில் தேறிவிடும் என்பதும் உண்மைதான், ஏனென்றால் அங்கே டீசல் வண்டியின் புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி இந்த மாற்றமே குற்றம்.

உங்கள் வண்டியின் நோய் அந்த 250 கி.மீ.யில்தான் இருக்கிறது. ஃபில்டர் இவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்றால், ஒன்று எஞ்சின் அளவுக்கு மீறிக் கரி கக்குகிறது, அல்லது ஃபில்டருக்குள் சாம்பல் சேர்ந்து இடம் குறைந்துவிட்டது. கரி 550, 600 டிகிரிச் சூட்டில் எரிந்துபோகும். சாம்பல் எஞ்சின் ஆயிலிலிருந்து வருவது. அது எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சின் என்று போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். எல்லா வாயையும் அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். பிறகு, கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்ற பில்லைத் தேடி எடுங்கள்.

கணக்குப்பிள்ளை

பெரியவர் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். 35 டன் எடையுள்ள பன்னிரண்டு சக்கர வண்டி சமதரையில் ஓடும்போது டீசல் எங்கே போகிறது என்பதை ஓனர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நல்ல ரேடியல் டயரின் உருளல் தடையை எடையில் ஆயிரத்துக்கு ஏழு என்று வைத்துக்கொண்டால், டயர்கள் மட்டும் சுமார் 2,400 நியூட்டன் விசையோடு வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றன. 60 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை சுமார் 1,100 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 3,500. அதாவது ஒரு கிலோமீட்டர் போக 35 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 360 லட்சம் ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் 40 விழுக்காட்டை வேலையாக மாற்றி, கியர்பாக்ஸும் அச்சும் பத்தில் ஒரு பங்கைத் தின்றது போக, சக்கரத்துக்கு வருவது 130 லட்சம்தான். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 3.7 கி.மீ. வருகிறது. நீங்கள் லோடோடு போய்க் குறைந்த லோடில் திரும்பும்போது கிடைக்கும் 4-க்கு இது பொருந்தித்தான் போகிறது.

வேகம் 80 ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடி 2,000 நியூட்டனை எட்டிவிடும். அதே வகுத்தலில் லிட்டருக்கு 3 கி.மீ. கூடத் தேறாது. தார்ப்பாய் தளர்ந்து படபடவென்று அடிக்கும் வண்டிக்கு இன்னும் மோசம். டயரில் காற்று குறைந்தால் அந்த 2,400 என்ற எண் ஏறும். பன்னிரண்டு டயரிலும் வாரம் ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது காற்று பார்ப்பது ஆகாது.

எஞ்சினின் 40 விழுக்காட்டை ஏற்றத்தான் உலகம் முழுவதும் கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. சீனாவின் வெய்சாய் நிறுவனம் 2020-இல் 50 விழுக்காட்டைத் தாண்டியதாகவும், 2024-இல் 53.09 விழுக்காட்டைத் தொட்டதாகவும் அறிவித்தது. அதெல்லாம் புது எஞ்சினில் நடப்பது. கையில் இருக்கும் வண்டியில் நாம் செய்யக்கூடியது, கிடைத்த நாற்பதை முப்பத்தைந்தாக இறங்க விடாமல் காப்பதுதான். டர்போக் காற்று கசிந்தால் நடப்பது அந்த இறக்கமே. எரிப்புக்குக் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது, அந்தக் கரியை எரிக்க ரீஜெனில் மறுபடியும் டீசல் செலவாகிறது. ஒரு குறைக்கு இரண்டு தண்டனை. மாதம் 265 லிட்டர் கூடுதல் டீசல் என்றால் ஏறக்குறைய 710 கிலோ கரியமில வாயுவும் கூடுதலாகப் போகிறது, ஏனென்றால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ.

தொப்பூர்_இறக்கம்

இருபத்திரண்டு ஆண்டுகளாக டிரைவராக இருக்கிறேன். உங்கள் வண்டி தொப்பூர் கணவாய் வழியாகத்தான் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் முன்னால் நின்ற வண்டிகள் மீது மோதிய விபத்துகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். உயிர் ஒரு பக்கம் இருக்கட்டும், டீசல் கணக்கிலும் அது நஷ்டம். கியரில் வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் இன்ஜெக்டர் டீசல் பாய்ச்சுவதை முழுவதும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்குப் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக டீசல் குடிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய இன்லைன் பம்ப் வண்டியிலும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதையேதான் செய்தது. அப்போதும் நாங்கள் நியூட்ரல் போட்டுத்தான் ஏமாந்தோம்.

லோடு இறக்கும் இடத்தில் மணிக்கணக்காக எஞ்சினை ஓட விடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரை போகிறது. அதைவிடப் பெரிய கேடு, புகைக்குழாய் ஆறிப்போவது. ஏறக்குறைய 200 டிகிரிக்குக் கீழே ஆட்ப்ளூ சரியாக வேலை செய்யாது, தெளிக்கும் முனையில் வெள்ளைக் கட்டியாகப் படிந்துவிடும். ஃபில்டரும் தானாகச் சுத்தமாகாது. மேடு ஏறும் லோடு வண்டியில் ஓட்டத்திலேயே பாதிக் கரி எரிந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆட்ப்ளூவைச் சீல் உடையாத கேனில் மட்டும் வாங்குங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள். அந்த யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் தண்ணீரின் சுண்ணாம்பும் புகைக்குழாயில் உள்ள எஸ்சிஆர் வினையூக்கியின் மேல் படிந்தால் மாற்றும் செலவு லட்சத்தில் வரும். மானிய யூரியாவை இப்படித் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படியும் குற்றம்.

பன்னிரண்டு_வீல்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திப் பார்த்தோம். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸில், அடிப்பக்கம் கிளாம்ப் கடித்த இடத்தில் விரல் நக நீளத்துக்கு வெடிப்பு. மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சோப்புத் தண்ணீர் தடவியதும் குபுகுபுவென்று நுரைத்தது. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றியாயிற்று. அதன் பிறகு இரண்டு டிரிப்பில் 3.8 வந்திருக்கிறது, ரீஜென் 500 கி.மீ.க்கு ஒருமுறையாகத் தள்ளிப்போயிருக்கிறது. எமுலேட்டர் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஆயில் பில்லைத் தேடினேன். போன முறை வேறோர் இடத்தில் சர்வீஸ் விட்டபோது, என் பிஎஸ்-4 வண்டிக்கு ஊற்றும் சிஐ-4 தர எஞ்சின் ஆயிலையே இதற்கும் ஊற்றியிருக்கிறார்கள். 3.8-இலேயே நிற்பது இதனாலா?

பட்டறை_பெரியவர்

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். சிகே-4 தரம் என்று கேனில் இருக்கும், உங்கள் வண்டிப் புத்தகத்திலும் எது என்று போட்டிருப்பார்கள். சிஐ-4 ஆயிலில் சாம்பல் கூடுதல். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்: அடிக்கடி ரீஜென் நடந்த வண்டியில் டீசல் சிலிண்டர் சுவரோரம் வழிந்து ஆயிலில் கலந்து, அளவு மேலே ஏறியிருக்கும். ஏறியிருந்தால் அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட லோடு ஏற்றி ஓட்ட வேண்டாம். பிறகு ஸ்கேனரில் ஃபில்டரின் முன்பக்க, பின்பக்க அழுத்த வித்தியாசத்தை, ஒரு ரீஜென் முடிந்த உடனே, எடுத்துப் பாருங்கள். கரி எல்லாம் எரிந்த பிறகும் அது இறங்காமல் நின்றால் உள்ளே இருப்பது சாம்பல். ஃபில்டரைக் கழற்றி, அதற்கென்று எந்திரம் வைத்திருப்பவர்களிடம் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ மட்டும் விட்டுவிடாதீர்கள்.