மறு: பிளேட்லெட் ஹைப்பர்ரியாக்டிவிட்டி – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘தட்டணு மிகைமை’ போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம்ங்க அம்மா. சுருக்கம்தான், ஆனால் ஹைப்பர்ரியாக்டிவிட்டி என்பது தட்டணு (பிளேட்லெட், இரத்தம் நிற்க உதவும் சிற்றணு) அளவுக்கு மீறி வினைபுரிவது. இந்தச் சொல்லோ எண்ணிக்கையைக் காட்டிவிடுகிறது. டெங்கு பரவத் தொடங்கியதிலிருந்து ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பிளேட்லெட் என்றாலே “எத்தனை இருக்குதுங்க?” என்றுதான் கேட்கிறார்கள். மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருந்தால் நிம்மதி. இரண்டாம் வகை நீரிழிவில் எண்ணிக்கை அந்த வரம்புக்குள் இருக்கும்போதே தட்டணுவின் நடத்தை மாறிவிடுகிறது. கோபி பக்கத்து நோயாளிகளுக்காக நாங்கள் எழுதும் கையேட்டில் முதலில் புரியவைக்க வேண்டியது இதுதான்.

இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரந்து தட்டணுக்களை அமைதியாக வைத்திருக்கும். இன்சுலினும் அவற்றைக் கொஞ்சம் அடக்கும். நீரிழிவில் அந்தச் சுரப்பு குறைகிறது, தட்டணு இன்சுலினுக்கு முன்போல் மசிவதில்லை, அதன் மேலுறைப் புரதங்களிலும் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. விளைவு, சின்னத் தூண்டலுக்கே கிளர்ந்து திரள்கின்றன. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவதில் கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ளதுபோல் இதற்கும் பங்கு உண்டு.

அதனால் முன்பு ஒருவர் சொன்ன ‘மிகுதூண்டல்’ என்பதும் சரிவராது. மிகுவது தூண்டல் இல்லை, மறுமொழி. ‘தட்டணு மிகைமுனைப்பு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. முனைப்பு பாராட்டுச் சொல் ஆயிற்றே என்று கேட்பீர்கள். அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. காயம் பட்ட இடத்தில் தட்டணு முனைப்பாக இருந்தால்தான் இரத்தம் நிற்கும். அளவு மீறியதை ‘மிகை’ சொல்லிவிடும்.

அப்புறம், திரளலையும் உறைதலையும் தயவுசெய்து கலக்க வேண்டாம். தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்வது திரளல். இரத்தத்திலுள்ள உறைபுரதங்கள் வினைபுரிந்து ஃபைப்ரின் என்ற நார்ப்புரத வலை உண்டாவது உறைதல். நம் ஊரில் ஆஸ்பிரினும் ‘ரத்தம் இளகுற மாத்திரை’, வார்ஃபரினும் அதேதான். ஒரே பெயர் இருந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போதும் என்று நினைத்துவிடுவார்கள். முன்னதைத் ‘தட்டணுத்தடை மருந்து’, பின்னதை ‘உறைதடை மருந்து’ என்று பிரித்தே எழுதுவோம்.

பெயர் வைத்துவிட்டோம் என்பதற்காக, சர்க்கரை உள்ள எல்லாரும் ஆஸ்பிரின் போட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2018இல் வெளியான அசெண்ட் ஆய்வில் இதயக் குழாய் நோய் இல்லாத 15,480 நீரிழிவாளர்கள் இருந்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 9.6 விழுக்காட்டிலிருந்து 8.5க்குக் குறைந்தன. கடும் இரத்தக்கசிவோ 3.2இலிருந்து 4.1க்கு ஏறியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் கதை வேறு. கையேட்டில் இந்த வேறுபாட்டைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை அடங்கியே இருக்கும். நீரிழிவில் புதுத் தட்டணுக்கள் விரைவாக வருவதால் சிலருக்கு மருந்தின் பிடி ஒரு நாள் முடியும் முன்பே தளர்ந்துவிடுகிறது. பழையது போய்ப் புதுசு வரும் இந்த டர்ன்ஓவருக்குத் ‘தட்டணுப் பதிலீடு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் வெளியிலிருந்து தட்டணு ஏற்றுவது போல ஒலிக்கிறது. ‘தட்டணுப் புதுப்பெருக்கு’ எப்படி இருக்கிறதுங்க?