சக்‌ஷனுக்குத் தமிழ்ச் சொல்: ‘சளியுறிஞ்சல்’ வேண்டாம், ‘சளிவாங்கல்’ ஆகுமா?

குன்னூரிலிருந்து, செவிலியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்தக் குழுவில், டிராக்கியாஸ்டமி (மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது) பற்றி ஒரு வாரமாக நடக்கும் பேச்சைப் படித்து வருகிறேன். இருபது வருடமாக இந்த மலையில் செவிலியர் வேலை. கழுத்தில் குழாயோடு வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தத் துளைக்கு என்ன பெயர், அதன் வழியே சளி எடுக்கும் வேலைக்கு என்ன பெயர்?

முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இங்கே முன்வைத்த ‘தொண்டைத்துளை’ வேண்டாம். தொண்டை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது விழுங்குவதுதான். “இதுல தண்ணி ஊத்தலாமா சிஸ்டர்?” என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டார்களே என்று நிம்மதிப்பட்டேன், கேட்காமல் ஊற்றியிருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போயிருக்கும். துளை திறப்பது முன்னால் இருக்கும் மூச்சுக்குழாயில். உணவுக்குழாய் அதற்குப் பின்னால். ‘மூச்சுத்துளை’ என்று சொல்லிப் பார்த்தேன், பள்ளிப் பாடத்துக் கரப்பான்பூச்சி குறுக்கே வந்துவிட்டது. ‘கழுத்து மூச்சுவழி’ என்றால் எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்ற இரண்டும் விளங்குகிறது. நான் அதையே எழுதப் போகிறேன்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வார்டில் நாங்கள் “சக்‌ஷன் போடு” என்போம். குழுவில் பெரும்பாலோர் ‘உறிஞ்சல்’ அல்லது ‘சளியுறிஞ்சல்’ என்கிறீர்கள். அகராதிப்படி அது சரிதான். ஆனால் உறிஞ்சுவது என்றால் வாய் வைத்த நொடியிலிருந்து விடாமல் இழுப்பது. மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் காலில் ஏறும் அட்டை செய்வது அதைத்தான். கழுத்து மூச்சுவழியில் செய்யவே கூடாததும் அதுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். சளி எடுக்கும் மெல்லிய குழாயின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதைக் கட்டைவிரலால் மூடினால் இழுக்கும், விரலை எடுத்தால் இழுக்காது. உள்ளே விடும்போது ஓட்டை திறந்தே இருக்க வேண்டும். கழுத்துக் குழாயின் நீளத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு மேல் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரைதான் விடலாம். இன்னும் ஆழமாகத் தள்ளி மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இடித்தால் இருமல் வெடிக்கும், சிலருக்கு இதயத்துடிப்பே குறைந்துவிடும். வெளியே எடுக்கும்போதுதான் ஓட்டையை மூட வேண்டும். மூடியபடி மெதுவாகப் பின்னால் இழுத்து வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே விட்டு வெளியே எடுக்க மொத்தம் 10 வினாடி, எப்படிப் போனாலும் 15ஐத் தாண்டக் கூடாது. செய்பவர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டால் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். சளியை எடுக்கும்போது அவருடைய காற்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம்.

போன வருடம் கோத்தகிரிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு லயன் வீட்டுக்குப் போனேன். கணவருக்குப் பைக் விபத்தில் தலைக்காயம். கீழே கோயம்புத்தூரில் வைத்தியம் முடிந்து கழுத்துக் குழாயோடு மேலே வந்திருந்தார். எடுக்கும் சளியில் இரத்தக் கோடு தெரிகிறது என்று மனைவி பயந்து போயிருந்தார். கொடுத்தனுப்பிய தாளில் ‘குழாயை உள்ளே விட்டு சளியை நன்றாக உறிஞ்சி எடுக்கவும்’ என்று இருந்தது. அந்த அம்மா எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்திருக்கிறார். விடும்போதே ஓட்டையை மூடி, உள்சுவரைச் சுரண்டிக்கொண்டே போய், அதோடு நன்றாக உறிஞ்ச வேண்டுமே என்று அங்கேயே நிறுத்திப் பிடித்திருக்கிறார். தாளில் இருந்த சொல் அவரை அப்படிச் செய்ய வைத்திருக்கிறது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

நான் செய்து காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: “சந்தைக்குப் போற மாதிரிங்களா அக்கா? போகையில வெறுங்கை. திரும்பி வரையிலதான் வாங்கிட்டு வரணும்.”

அதற்கப்புறம் அந்தக் கையில் பிழை வரவே இல்லை. அதனால்தான் கேட்கிறேன், ‘சளிவாங்கல்’ என்று வைக்கலாமா?

*

உதகையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, அந்தப் பெண் விலைக்கு வாங்குவதை நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லின் வேர்ப்பொருளே அவர் பக்கம் நிற்கிறது. வாங்குதல் என்றால் முதலில் இழுத்தல், வளைத்தல். வில்லை வாங்கினான் என்பது பழைய வழக்கு. இன்றும் பின்வாங்கினான் என்கிறோம், கடல் உள்வாங்கியது என்கிறோம். பின்னோக்கி வரும் அசைவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உறிஞ்சலில் அது கிடையாது.

கருவிக்கும் இதிலிருந்தே பெயர் கிடைக்கும். மைக்கை ஒலிவாங்கி என்கிறோம் அல்லவா? அதுபோல அந்த மெல்லிய குழாயை ‘சளிவாங்கி’ எனலாம். வடிகுழாய் என்பது சிறுநீர்க் குழாய்க்கே இருக்கட்டும், அங்கே தானாக வடிகிறது.

ஆனாலும் இரண்டு தடை எனக்குத் தெரிகிறது. “மூச்சு வாங்குது” என்றால் மூச்சிரைப்பு. மூச்சும் வாங்கலும் ஒரே தாளில் வந்தால் குழப்பம் வராதா? அடுத்தது, ‘வாங்கல்’ என்று பெயராக்கினால் ‘கொடுக்கல் வாங்கல்’ என்ற பண விவகாரம்தான் காதில் விழுகிறது. மருத்துவச் சொல்லுக்கு அது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் கலைச்சொற்களையும் அச்சிட்டவர் சாமுவேல் கிரீன். அவர் தொடங்கிய வேலையில் ஒரு சொல்லாவது நம் மலையிலிருந்து சேரட்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் தடையை இப்போதே சொல்கிறேன்.

*

குன்னூரிலிருந்து, செவிலியர்:

ஐயா, நீங்கள் தடை என்று சொன்ன இரண்டாவதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். கொடுக்கல் வாங்கல்! இந்த வேலையே அதுதான். முதலில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், அப்புறம் சளி வாங்க வேண்டும், உடனே மறுபடி கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வாங்கினால் விரலில் மாட்டிய கருவி காட்டும் இரத்த ஆக்சிஜன் அளவு சரசரவென்று இறங்கும்.

நம் மலையில் இது கூடுதலாக முக்கியம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் அது ஏறக்குறைய 580 தான். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவு. சமவெளியில் தாக்குப்பிடிக்கும் நோயாளிக்குக்கூட இங்கே கையிருப்பு கொஞ்சம்தான்.

“மூச்சு வாங்குது” பற்றி: அது குழப்பாது என்றே நினைக்கிறேன், நினைவில் நிற்கத்தான் உதவும். மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துச் சளி எடுக்கக் கூடாது, தேவைப்பட்டால் மட்டும்தான். மூச்சு வாங்கினால், களகளவென்று சத்தம் கேட்டால், சளி கண்ணுக்குத் தெரிந்தால், அப்போது சளி வாங்கு. வாங்கிய பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லையா? கழுத்துக் குழாயே அடைத்திருக்கலாம். அதற்குள் இருக்கும் உள்குழாயைக் கழற்றிப் பார், உடனே உதவிக்குக் கூப்பிடு. இதை அப்படியே தாளில் எழுதலாம்.

இன்னொன்றும் சேர்க்கிறேன். மார்கழி, தை மாதங்களில் இங்கே உறைபனி விழும்போது சளி பசை மாதிரி இறுகிவிடும். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தரும் மூக்கு இவர்களுக்கு வழியில் இல்லையே! சளியை இளக்க வேண்டுமென்று உப்பு நீரைத் துளி துளியாக உள்ளே விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைச் செய்யத் தேவையில்லை. செய்தால் ஆக்சிஜன் அளவு இறங்கலாம். காற்றை ஈரப்படுத்துவதற்கான வழியை வீட்டுக்கு அனுப்பும்போதே செய்து தர வேண்டும். அதற்கும் ஒரு நல்ல சொல் வேண்டும், கழுத்துக் குழாயின் வாயில் மாட்டிக் காற்றை ஈரமாக வைக்கும் சின்ன வடிகட்டிக்கு ‘ஈரமூக்கு’ என்று நானே பெயர் வைத்திருக்கிறேன், உங்களுக்குப் பிடிக்குமா தெரியவில்லை.

*

கூடலூரிலிருந்து, மருத்துவர்:

‘சளிவாங்கல்’, ‘சளிவாங்கி’ இரண்டுக்கும் என் ஆதரவு. சிஸ்டர், தாளில் மூன்று திருத்தம் வேண்டும்.

எல்லா வீட்டிலும் ஆக்சிஜன் இருக்காது, எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. ‘மருத்துவர் சொல்லியிருந்தால்’ என்று போடுங்கள். இல்லையென்றால் சிலிண்டருக்காகக் கடன் வாங்கிவிடுவார்கள். அப்புறம், சளிவாங்கியின் பருமன் கழுத்துக் குழாயின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 8 மி.மீ. குழாய்க்கு 12 பிரெஞ்ச் (குழாய்ப் பருமனைச் சொல்லும் அளவு), அதாவது 4 மி.மீ. இந்த எண்ணை அவரவர் தாளில் கையால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு இயந்திரத்தின் இழுவை 80 முதல் 120 மி.மீ. பாதரசம் போதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சளி வரவில்லையென்றால் முதலில் எல்லோர் கையும் போவது இழுவையைக் கூட்டும் திருகுக்குத்தான்.

*

குன்னூரிலிருந்து, செவிலியர்:

மூன்றையும் திருத்திவிட்டேன் டாக்டர். ஆக்சிஜன் இல்லாத வீட்டுக்கு ‘கொடுக்கல்’ என்பது இரண்டு தடவைக்கு நடுவே அவர் நிதானமாக மூச்சு விட்டுத் தெளிய நேரம் கொடுப்பது என்று எழுதியிருக்கிறேன். ஒரு முறைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்றும் போட்டாயிற்று. நடுப்பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அவரால் பேச முடியாது, ஆனால் காது கேட்கும். வேண்டாம் என்று கை காட்டினால் நிறுத்துங்கள். போகும்போது வெறுங்கை: ஓட்டையை மூடாமல், குறித்த அளவு வரை சளிவாங்கியை விடுங்கள். வரும்போது வாங்குங்கள்: ஓட்டையை மூடி, மெதுவாக வெளியே எடுங்கள். பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வாயில் உள்ள எச்சிலைக் கடைசியில் எடுங்கள். வாய்க்குப் போன சளிவாங்கி கழுத்துக்குத் திரும்பக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குப் போகிறேன். அந்த அம்மா படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். எங்கே தடுக்குகிறது என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.