கூலியை உயர்த்துவது படிப்பா, சட்டமும் சங்கமுமா?

விளவங்கோட்டான்:
2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். ஆனாலும் நம்மூர்க் கொத்தனார் விடியற்காலையில் பஸ் பிடித்து, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்குப்படி, ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500 ரூபாய். எல்லையைத் தாண்டும் அந்த அரை மணி நேரத்தில் அவர் புதிதாக எதையும் படித்துவிடவில்லை. அங்கே தொழிற்சங்கம் வலுவாக இருக்கிறது, அதனால் கூலி கூடுகிறது.

தக்கலை டீச்சர்:
அண்ணன் சொல்லும் கணக்கை ஏற்கிறேன், காரணத்தை ஏற்க முடியவில்லை. கேரளத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் பெருந்தொகையாக வளைகுடாவுக்குப் போனதால் சித்தாள் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனது. அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகளும் எழும்பின. கூலி ஏறியதற்கு இதில் பெரும்பங்கு உண்டு. சங்கம் மட்டுமே போதும் என்றால், அங்கே கூலி உயர்ந்தபோது முந்திரி முதலாளிகள் ஆலைகளை நம் பக்கம் கொண்டுவந்தார்களே, அதை எப்படி விளக்குவீர்கள்?

விளவங்கோட்டான்:
அதுதானே என் வாதம், டீச்சர். 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஒவ்வொரு மாநிலமும் தன் விகிதத்தைத் தானே நிர்ணயிக்க விட்டதால்தான் முதலாளிக்கு ஓடி வர ஓர் இடம் கிடைத்தது. அப்படி வந்த ஓர் அண்டி ஆபீஸில்தான், அதாவது முந்திரி ஆலையில்தான், என் அம்மா பருப்பின் தோல் உரித்தார். கூலி கிலோக் கணக்கு. நுனி உடைந்த பருப்பைத் தனியே ஒதுக்கி எடையில் கழிப்பார்கள். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தினமும் சாயங்காலம், வேலையில் கறுத்த விரல்களால், என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அன்றைய எடையை எழுதி வைப்பார். சனிக்கிழமை கைக்கு வரும் கூலி அந்தக் கணக்கோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எழுதத் தெரிந்திருந்தது, எழுதியதைக் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் இல்லை.

குலசேகரம் வாசி:
டிப்ளமோ முடித்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போகும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். படிப்புக்கேற்ற வேலை மாவட்டத்தில் இல்லாதபோது சான்றிதழால் கூலி ஏறுவதில்லை என்பதையும் இருவரும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தக்கலை டீச்சர்:
உண்மைதான். ஆனால் அண்ணன், அம்மாவின் நோட்டு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே?

விளவங்கோட்டான்:
நாலு வருடம் பரணில் கிடந்தது. பிறகு ஆலையில் சங்கம் தொடங்கினார்கள். பேச்சுவார்த்தையில் தொழிலாளர் ஆய்வாளர் முன்னால் வைக்க அந்த நோட்டைத் தவிர வேறு ஆதாரம் யாரிடமும் இல்லை. இரண்டு மாதத்தில் எடைக் கழிவை நிறுத்தினார்கள். பழைய பாக்கி வரவில்லை.

தக்கலை டீச்சர்:
அப்படியானால் சங்கத்துக்குக் கையில் பிடிக்க ஏதோ கொடுத்தது அந்த ஐந்தாம் வகுப்புதான், அண்ணன். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.