பிள்ளைகளை வாதாட வைக்கிற குட்டி வீடியோக்கள் எவை?

நூலகத்திண்ணை:
கிளை நூலகத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கிடைக்கிறது. புரொஜெக்டர், ஸ்பீக்கர் உண்டு, நெட் சுமார்தான். கைதட்டிவிட்டுக் கிளம்பாமல் தங்களுக்குள் வாதாட வைக்கிற யூடியூப் வீடியோக்கள் சொல்லுங்கள். தன்னம்பிக்கைப் பேச்சுகள் வேண்டவே வேண்டாம்.

சாக்பீஸ்:
உளவியலாளர் டேனியல் சைமன்ஸின் ‘செலக்டிவ் அட்டென்ஷன் டெஸ்ட்’டில் ஆரம்பியுங்கள். ஒன்றரை நிமிடம்கூட வராது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்ல வேண்டும். விடை 15. எண்ணுகிற மும்முரத்தில், கொரில்லா வேடமிட்ட ஆள் நடுவில் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போவது ஏறக்குறைய பாதிப் பேர் கண்ணில் படாது. சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இது.

சொதப்புவது பெரும்பாலும் நாம்தான். திரையில் தேடும்போதே பக்கத்தில் கொரில்லா படம் தெரிந்துவிடும். அதனால் புரொஜெக்டரில் ஒயரைச் செருகும் முன்பே வீடியோவைத் திறந்து, முழுத்திரையாக்கி, பாஸில் வையுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். வாய்விட்டு எண்ணக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே பார்த்த புத்திசாலி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கென்றே 2010-இல் வந்தது ‘மங்கி பிசினஸ் இல்யூஷன்’. கொரில்லாவுக்காகக் காத்திருப்பவர், பின்னால் திரைச்சீலை நிறம் மாறுவதையும் கறுப்பு அணியில் ஓர் ஆள் குறைவதையும் கோட்டைவிடுவார். இதில் விடை 16.

ஊசல்:
என் ஓட்டு அப்போலோ 15-க்கு. 1971 ஆகஸ்டில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று, ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியல், மறுகையில் 30 கிராம் வல்லூறு இறகு, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். போடும் முன் ‘எது முதலில் விழும்?’ என்று கை தூக்கச் சொல்லுங்கள்.

இரண்டும் சேர்ந்து விழுந்ததும் ‘ஸ்லோ மோஷனில் எடுத்த டூப்பு’ என்று ஒரு குரல் வரும். வரட்டும், சுவையே அங்குதான். லேப்டாப்பில் பாஸ் செய்து முற்றுப்புள்ளி கீயைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே போகும், காற்புள்ளி கீ பின்னே கொண்டுவரும். கையை விட்டதிலிருந்து தரை தொடும்வரை எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 42-ஐ ஒட்டி வரும், அதாவது 1.4 நொடி. உயரம் சுமார் 1.6 மீட்டர். இரண்டு மடங்கு உயரத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1.63. நிலாவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62.

நூலகத்திண்ணை:
அருமை. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை வருமா?

ஊசல்:
வராது. விடுகிற ஃபிரேம் மங்கல். மூன்று ஃபிரேம் தப்பினால் விடை 1.4-க்கும் 1.9-க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். பூமியின் 9.8 பக்கம் மட்டும் போகவே போகாது, அதைக் காட்டினால் போதும். சில பதிவுகள் 24 அல்லது 25 ஃபிரேமில் ஏற்றப்பட்டிருக்கும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால், ரெசல்யூஷன் எண்ணை ஒட்டி அது தெரியும்.

கடைசிபெஞ்ச்:
அறிவியலாகவே போகிறதே! ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் ‘ஜஸ்டிஸ்’ வகுப்புத் தொடரில் முதல் பகுதி, அதிலும் முதல் பாதி மட்டும். பிரேக் பிடிக்காத டிராலி, தண்டவாளத்தில் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவர். ஐவரைக் காப்பாற்ற அந்த ஒருவர் பக்கம் திருப்பலாமா என்பதுதான் கேள்வி. முழுசாக ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். அவர் கை தூக்கச் சொல்லும் இடத்திலெல்லாம் பாஸ் போட்டு, நம் பிள்ளைகளின் ஓட்டைப் போர்டில் எழுதுங்கள். டிராலியை நிறுத்தப் பாலத்திலிருந்து ஓர் ஆளைத் தள்ளலாமா என்ற கேள்வி வந்ததும் முதல் ஓட்டு அப்படியே தலைகீழாகும். மாற்றிப் போட்டவர்களிடம் காரணம் கேளுங்கள். தானியங்கித் தமிழ் சப்டைட்டிலை நம்பாதீர்கள், கேள்வியை நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள். நெட் சுமார் என்றீர்கள், 480-இல் வைத்தாலே போதும்.