லா தூரின் சீட்டாட்ட மேசை: ஏமாந்தவன் மேல் பழி போடலாமா?

தலவாக்கலை டீச்சர்
போன வாரம் உயர்தர சித்திர வகுப்பில் ஓர் ஓவியத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். இன்றைய பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்த ஓவியர் ஜார்ஜ் டி லா தூர் 1635 அளவில் தீட்டியது. பெயர் ‘டயமண்ட் ஏஸ் வைத்திருக்கும் ஏமாற்றுக்காரன்’. 1972 முதல் பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நான்கு பேர். வலது பக்கம் பூவேலைச் சட்டையும் இறகு வைத்த தொப்பியுமாக ஒரு பணக்காரப் பையன், முன்னால் பொற்காசுகள். நடுவில் முத்துமாலை போட்ட ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் வைன் பரிமாற நிற்கும் பணிப்பெண். இடது பக்கம் ஒருவன், முதுகுப்புறம் இடுப்பு வாரில் சொருகிய சீட்டை உருவுகிறான். பையன் தன் கையிலுள்ள சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வகுப்பில் பாதிப் பேர் “அவனுக்கு நல்லா வேணும்” என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓவியம் அப்படிச் சொல்வதாக எனக்குப் படவில்லை. உங்கள் கருத்து என்ன?

மஸ்கெலியாக்காரன்
பிள்ளைகள் சொன்னது சரிதான் டீச்சர். அவனை யாரும் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்கவில்லை. காசைக் குவித்து வைத்திருக்கிறான் என்றால் அடுத்தவன் காசை அள்ளத்தான் வந்திருக்கிறான். வைன், பெண், சூது மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததும் அந்தக் காலத்துக் கிறிஸ்தவனுக்கு வேதாகமத்தின் ஊதாரி மகன் கதைதான் நினைவுக்கு வந்திருக்கும். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்தானே, அவன். பையன் முகத்தையும் பாருங்கள், பிசைந்து வைத்த மாவு போல இருக்கிறது. அவன் மேல் ஓவியருக்கு இரக்கம் இருந்திருந்தால் இப்படியா வரைவார்?

தலவாக்கலை டீச்சர்
அண்ணே, சாவு வீட்டில் இராமுழுக்க 304 சீட்டாட்டம் விளையாடுகிறோமே. துரும்புச் சீட்டைக் கவிழ்த்துத்தானே வைக்கிறோம்? அங்கே ஒரு சீட்டு மறைந்திருக்கிறது என்பது நாலு பேருக்கும் தெரியும், அதற்குச் சம்மதித்துத்தான் உட்காருகிறோம். இடுப்பில் சொருகிய சீட்டுக்குப் பையன் எப்போது சம்மதித்தான்? ஜெயிக்க ஆசைப்படுவது வேறு, ஏமாற்றச் சம்மதிப்பது வேறு. முதலாவது அவனிடம் இருந்தது என்பதற்காக இரண்டாவதையும் அவன் தலையில் கட்டுகிறோம்.

பண்டாரவளை வாசகன்
நீங்கள் இரண்டு பேருமே பையனைத்தான் பார்க்கிறீர்கள். அந்தச் சீட்டு யாருக்குத் தெரிகிறது என்று பாருங்கள். மேசையில் இருக்கும் பையனுக்குத் தெரியாது, வெளியே நிற்கும் நமக்கு மட்டும் பட்டென்று தெரிகிறது. ஏமாற்றுக்காரன் முகம் நிழலில் இருக்கிறது, சீட்டு மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. எல்லாம் தெரிந்தும் நாம் வாய் திறக்க முடியாமல் நிற்கிறோம்.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1590களில் இதே விஷயத்தை வரைந்திருக்கிறார். அதில் கூட்டாளி பையனின் தோளுக்குப் பின்னால் நின்று விரலால் சைகை காட்டுவான், எல்லாம் பரபரவென்று நடக்கும். லா தூரிடம் அந்தப் பரபரப்பே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதில்லை, ஓரக்கண் மட்டும் ஓடுகிறது. இதே காட்சியை கிளாவர் ஏஸ் வைத்தும் அவர் வரைந்திருக்கிறார், அது அமெரிக்காவில் கிம்பெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு தடவை வரைந்தவர் யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதை யோசிக்காமலா வரைந்திருப்பார்?

பதுளையிலிருந்து
பணிப்பெண்ணை யாரும் பேசவில்லையே. எல்லோரும் “ஏமாற்றுகிறவர்கள் மூன்று பேர்” என்று எண்ணிவிடுகிறார்கள். அவள் கைகளைப் பாருங்கள். ஒன்றில் போத்தல், மற்றதில் கிளாஸ். சீட்டைத் தொட அவளுக்குக் கை மிச்சமில்லை.

என் அம்மா பதினைந்து வயதில் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அந்த வீட்டில் ஒரு நாள் விருந்தாளியின் கைக்கடிகாரம் காணாமல் போயிருக்கிறது. முதலில் திறந்தது அம்மாவின் பையைத்தானாம். பிறகு கடிகாரம் காரிலேயே கிடைத்தது. பையை மூடித் திருப்பிக் கொடுத்தார்களாம், ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வார்? சொன்னால் அடுத்த நாள் எங்கே படுப்பார்?

மஸ்கெலியாக்காரன்
தங்கச்சி, அம்மாவின் கதை மனசைத் தொட்டது. ஆனால் இந்தப் பணிப்பெண்ணின் கண் சும்மா இல்லை. அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வைனை நீட்டுவதும் அந்த வேலையில் ஒரு பங்குதான்.

தலவாக்கலை டீச்சர்
நான் இதில் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறேன்.

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்களை இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டி வந்தார்கள். நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு இது. அதைச் சொன்னவன் வெள்ளைக்காரத் துரை இல்லை. சொந்த ஊர்க்காரன், பல சமயம் சொந்தக்காரன், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி. அவன் சொன்னதால்தான் நம்பினார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். தன் தலைக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள்.

அவர்களைப் பார்த்து “ஆசைப்பட்டுத்தானே வந்தீர்கள்” என்று சொன்னவர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். என் பாட்டி அந்தப் பேச்சைக் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவார். வகுப்பில் பிள்ளைகள் “நல்லா வேணும்” என்றபோது எனக்குப் பாட்டிதான் ஞாபகம் வந்தார்.

மஸ்கெலியாக்காரன்
அது பஞ்சத்துக்குப் பயந்து வந்த சனம் டீச்சர். இவன் பட்டுச் சட்டைக்காரன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பண்டாரவளை வாசகன்
இதில் அண்ணன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. லா தூர் ஏழைகளின் ஆள் என்றும் நினைத்துவிட வேண்டாம். ரொட்டி சுடுகிறவரின் மகனாகப் பிறந்தாலும் பிறகு வசதியாக வாழ்ந்தவர். அவருடைய வேட்டை நாய்கள் வயல்களை நாசம் பண்ணுகின்றன என்று 1646இல் அவர் வாழ்ந்த லூனேவில் ஊர்க்காரர்கள் முறையிட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஓவியருடைய குணத்தை வைத்து ஓவியத்தைத் தீர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதுளையிலிருந்து
ஒன்று செய்து பாருங்கள். ஓவியத்தை ஃபோனில் திறந்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கையை மட்டும் கட்டைவிரலால் மறையுங்கள். நான் செய்தேன். மற்ற மூன்று பேரும் ஒரு சாயங்காலம் சீட்டாடும் ஆட்களாகிவிட்டார்கள். பணிப்பெண் வைன் கொடுக்கிறாள், அவ்வளவுதான். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அவளைக் கள்ளி என்கிறோம்.

மஸ்கெலியாக்காரன்
மறைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் பெண்ணின் விரல் இன்னும் ஏமாற்றுக்காரன் பக்கம்தான் நீண்டிருக்கிறது. எட்டிய தூரத்தில் இருக்கிற விரலைப் பையன் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

தலவாக்கலை டீச்சர்
பார்த்திருந்தால்? சீட்டுப் போடச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான்.

மஸ்கெலியாக்காரன்
அதுவும் சரிதான். மறுபடி மறைத்துப் பார்த்தேன், பணிப்பெண் விஷயத்தில் தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அவள் கண்ணில் நான் கண்டது பயமாகவும் இருக்கலாம். பையன் விஷயத்தில் மட்டும் இன்னும் மனசு வரவில்லை டீச்சர்.