தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு போலாமா, கேஎல்லயே (கோலாலம்பூர்) பெத்துக்கலாமா?

செந்தூல் பொண்ணு:
அக்காங்களா, எனக்கு இப்ப 31 வாரம். அம்மா வீடு கெடாவுல ஒரு தோட்டம், பக்கத்துல இருக்கிறது சின்ன கவர்மெண்டு ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரிக்கு காடியில ஒரு மணி நேரம். அம்மா வா வான்னு கூப்பிடறாங்க, பத்தியம் பாக்க இங்க யாரும் இல்ல. போன செக்-அப்ல ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.4 தான்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. அந்த மாதிரி இடத்துல பெத்தவங்க இருந்தா சொல்லுங்க, ரொம்ப பயமா இருக்கு.

பட்டர்வொர்த் அக்கா:
தங்கச்சி, என் ரெண்டாவது பிள்ளை அப்படி ஒரு ஆஸ்பத்திரியிலதான் பொறந்தான். மிஸ்ஸிங்க தங்கமானவங்க, வலி வந்தப்ப கத்தாதேன்னு ஒருத்தங்க அதட்டுனது மட்டும் இன்னும் மனசுல இருக்கு, வீட்டுக்காரரையும் உள்ள விடல. பிள்ளை பொறந்ததும் ரத்தம் நிக்கவே இல்ல, அங்க ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. ஒரு மிஸ்ஸி வழி முழுக்க என் அடிவயித்தை கையால அமுக்கி தேய்ச்சிகிட்டே வந்தாங்க, கர்ப்பப்பை சுருங்கினாதான் ரத்தம் நிக்கும்னு, அவங்க நெத்தி வேர்வை என் கை மேல சொட்டுச்சு. அந்த கையாலதான் நான் இன்னிக்கு உயிரோட இருக்கேன். ஆனா ரத்தம் கம்மியா இருக்கிற நீ அந்த ஒரு மணி நேர ரோட்ட நம்பி போகாதம்மா, பெரிய ஆஸ்பத்திரியில பெத்துட்டு அப்புறம் அம்மா வீட்டுக்கு போ.

கிளினிக் டேசாவுல (கிராம கிளினிக்) வேலை பாத்தவ:
அக்கா சொல்றது சரி. 11க்கு கீழ போனாலே ரத்தசோகை, உனக்கு 9.4, பிரசவத்துல ரத்தம் கொஞ்சம் அதிகமா போனாலும் உடம்பு தாங்கறது கஷ்டம். இரும்பு மாத்திரைய தே தாரேக் (பால் டீ), மைலோவோட சேத்து போடாத, உடம்புல சரியா சேராது, ஆரஞ்சு இல்ல கொய்யா ஜூஸ் கூட போடு. செக்-அப் புக்குல என்ன கலர் ஸ்டிக்கர்னு பாரு: ஆபத்து ஏற ஏற வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, சிவப்புன்னா உடனே ஆஸ்பத்திரி. எங்க பெத்துக்கலாம்னு டாக்டர்கிட்டயே கேளு. பெத்துட்டு அம்மா வீட்டுக்கு போறதா இருந்தா அந்த அட்ரஸ முன்னாடியே கிளினிக்ல சொல்லிடு, அந்த ஏரியா மிஸ்ஸி வீட்டுக்கே வந்து உன்னையும் பிள்ளையையும் பாப்பாங்க, தோட்டமா இருந்தாலும் வருவாங்க.

செந்தூல் பொண்ணு:
இப்பதான் புக்க எடுத்து பாத்தேன், பச்சை ஒட்டியிருக்கு, இத்தனை நாள் கவனிக்கவே இல்ல. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கேக்கறேன். அம்மாகிட்டதான் எப்படி சொல்றதுன்னு தெரியல, பால்சுறாவுக்கு மீன்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்காங்க.

பட்டர்வொர்த் அக்கா:
மீன அம்மாவ கேஎல்லுக்கு எடுத்துகிட்டு வரச் சொல்லும்மா, பேரப்பிள்ளைக்காக கண்டிப்பா வருவாங்க.